தலைமைப் பயிற்றுநரை எடைபோடுவது எப்படி? பேராக் காற்பந்தை முன்வைத்து

2021ஆம் ஆண்டு மலேசிய சூப்பர் லீக் முடிந்தபோது 12 அணிகள் கொண்ட பட்டியலில் பேராக் 11ஆவது இடத்தில் இருந்தது. அதற்கும் கீழே, கடைசி இடத்தில், யுஐடிஎம் பல்கலைக்கழக அணி. இரண்டு அணிகளும் சேர்ந்தே கீழிறங்கின. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2018இல், பேராக் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து, மலேசியக் கிண்ணத்தையும் ஈப்போவுக்குக் கொண்டுவந்திருந்தது. பிறகு சம்பள நிலுவை பற்றிய செய்திகள், ஆட்டக்காரர்களின் வெளியேற்றம், அடுத்தடுத்துப் பயிற்றுநர் மாற்றம் என்று நாள்கள் போயின. கடைசியில் 2025–26 பருவத்திலிருந்து பேராக் எஃப்.சி. லீக்கை விட்டே விலகிக்கொண்டது.

இந்தச் சரிவு முழுவதிலும் ஈப்போவில் அதிகம் கேட்ட பேச்சு ஒன்றுதான்: கோச்சை மாற்று. புந்தோங் சாப்பாட்டுக் கடைகளிலும் கேட்டது, திடலோர நாற்காலிகளிலும் கேட்டது. ஆனால் மாற்றி யாரை வைப்பது, அவரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற அடுத்த கேள்விக்குள் யாரும் பொறுமையாகப் போகவில்லை. மாநில அணி மறுபடி எழும்போதும், தஞ்சோங் மாலிமிலோ செரி இஸ்கண்டாரிலோ கம்பாரிலோ ஒரு பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேடும்போதும், இந்தக் கேள்வி மேசைக்கு வந்தே தீரும். உள்ளூர் அனுபவத்தையும் வெளியுலக ஆய்வுகளையும் சேர்த்து வைத்து அதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் அடிப்படையான ஒரு சந்தேகம். ஓர் அணியின் வெற்றி தோல்வியில் பயிற்றுநருடைய பங்கு எவ்வளவு? நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் அந்நாட்டு முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்றுநர் மாற்றங்களை ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்கும் அணி பயிற்றுநரை நீக்குகிறது. அடுத்த சில வாரங்களில் அணி மீள்கிறது. புதியவர் காப்பாற்றிவிட்டார் என்று எல்லாரும் மகிழ்கிறார்கள். ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்றுநரை நீக்காத அணிகளை அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவையும் ஏறத்தாழ அதே வேகத்தில் மீண்டிருந்தன. சரிவு அதன் போக்கிலேயே தணிந்திருக்கிறது. பெயர் மட்டும் புதியவருக்குப் போயிருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிடக் கசப்பான முடிவு வந்தது. அங்கே கல்லூரிகள் ஆடும் காற்பந்து வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. இருந்தாலும் தலைமைப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதில் அந்தக் கல்லூரிகள் செலவிடும் பணமும் படும் பாடும் மிகப் பெரியவை என்பதால் அந்த அனுபவம் நமக்குப் பயன்படும். அட்லர், பெர்ரி, டோஹர்ட்டி என்ற மூன்று அரசியல் அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக மோசமாக ஆடிய அணிகளுக்குப் பயிற்றுநர் மாற்றம் பெரிய பலன் எதையும் தரவில்லை. நடுத்தரமாக ஆடிக்கொண்டிருந்த அணிகள் பயிற்றுநரை மாற்றியபோது, மாற்றாத அதே தர அணிகளைவிட மோசமாக ஆடின. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலைக்கு எடுத்த நாளில் அவரிடம் ஒரு தேசியச் சாம்பியன் பட்டம் இருந்தது. பட்டத்தைப் பார்த்து எடுத்தார்கள்.

பயிற்றுநரால் எதுவுமே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வெற்றிப் பட்டியல் மட்டும் அவருடைய திறமையைக் காட்டாது என்பதே இதில் உறுதியாகத் தெரிவது. பேராக்கின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது. 1998 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பேராக்கும் திரெங்கானுவும் 1–1 என்று சமநிலை கண்டன. பெனால்டியில் 5–3 என்று பேராக் வென்றது. இருபது ஆண்டு கழித்து 2018 இறுதியாட்டம். எதிரணி அதே திரெங்கானு. 3–3 சமநிலை, பெனால்டியில் 4–1. முதல் கிண்ணம் ஜெர்மானியர் கார்ல்-ஹைன்ஸ் வைகாங்கின் கணக்கில் சேர்ந்தது, இரண்டாவது ஆஸ்திரேலியர் மெஹ்மட் துராகோவிச்சின் கணக்கில். இரண்டுமே பன்னிரண்டு கெஜத் தூரத்திலிருந்து உதைத்த சில பந்துகளில் முடிவானவை. அந்தப் பந்துகளில் இரண்டு மூன்று கோல்காவலர் கையில் சிக்கியிருந்தால், அதே ஆண்டு முழுக்க அதே பயிற்சியைக் கொடுத்த அதே மனிதர்கள் தோற்ற பயிற்றுநர்கள் ஆகியிருப்பார்கள். துராகோவிச்சைப் பொறுத்தவரை நான் கிண்ணத்தைவிட லீக்கின் இரண்டாம் இடத்தையே பெரிதாக மதிக்கிறேன். ஒரு பருவம் முழுவதும் வாரா வாரம் ஆடிச் சேர்த்த புள்ளிகளில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. மறு ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதிக்கும் அவர் அணியைக் கொண்டுபோனார். கெடாவிடம் 1–0 என்று தோற்றது. அந்த இறுதியாட்டம் எந்தக் கோப்பைப் பட்டியலிலும் வராது. மதிப்பிடுகிறவர் கணக்கில் வர வேண்டும்.

வைகாங்கின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. 1966இல் தென் வியட்நாம் அணிக்கு மெர்டேக்கா கிண்ணத்தை வாங்கித் தந்தவர். 1980இல் மலேசியாவை மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறச் செய்தவர் (புறக்கணிப்பால் அணி போகவில்லை என்பது வேறு விஷயம்). 1998இல் பேராக்கிற்குக் கிண்ணம். இவ்வளவு பெரிய பெயரோடு எண்பது வயதில், 2016 பருவத்திற்கு, மறுபடி பேராக்கிற்கு வந்தார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. மனிதரும் அவரே, மாநிலமும் அதுவே. ஆட்டக்காரர்களின் தலைமுறை மாறியிருந்தது, நிர்வாகம் மாறியிருந்தது. 2022இல் லிம் தியோங் கிம் வந்தார். பாயர்ன் மியூனிக் இளையோர் அணிகளில் பல ஆண்டு வேலை செய்தவர், நாட்டின் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியவர். மலேசியர் ஒருவரிடம் அதைவிடப் பளபளப்பான தற்குறிப்பைப் பார்ப்பது கடினம். அவரும் நிலைக்கவில்லை. கீழிறங்கி, பணமில்லாமல், பாதி ஆட்டக்காரர்களை இழந்து நின்ற ஓர் அணிக்கு எந்த வகை ஆள் தேவை என்ற கேள்வியை விட்டுவிட்டு, எவருடைய பெயர் பெரியது என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் முடியும். குறை அவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பொருத்தம் பார்க்காதவர்களின் குறை அது.

பொருத்தம் என்ற இந்த விஷயத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் தரும் இரண்டு எடுத்துக்காட்டுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சின்சினாட்டி நகரில் மோலர் என்ற உயர்நிலைப்பள்ளியில் ஜெரி ஃபாஸ்ட் பதினெட்டு ஆண்டுகளில் 174 ஆட்டங்கள் வென்று, வெறும் 17 தோற்றார். 1981இல் புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அவரை நேரே தலைமைப் பயிற்றுநர் ஆக்கியது. ஐந்து ஆண்டுகளில் 30 வெற்றி, 26 தோல்வி; தாமே விலகினார். பள்ளியில் நல்ல பையன்கள் அவரைத் தேடி வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் எதிரணிகளிடமும் அதே தரத்துப் பையன்கள் இருந்தார்கள். கர்ட் சிக்னெட்டி போன வழி வேறு. 2011இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் வகித்த உதவிப் பயிற்றுநர் பதவியை விட்டு, இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றில் தலைமைப் பொறுப்பு ஏற்றார். அதையும் சேர்த்துப் படிப்படியாக மூன்று கல்லூரிகளை நடத்தி, ஒவ்வொன்றிலும் வென்று, 2024 பருவத்தில் இந்தியானாவுக்கு வந்தார். முந்தைய ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி என்று கிடந்த அணி முதல் ஆண்டிலேயே 11 ஆட்டங்கள் வென்றது. தன் பழைய கல்லூரியிலிருந்து பல ஆட்டக்காரர்களையும் உதவியாளர்களையும் கூடவே அழைத்து வந்திருந்தார். வெவ்வேறு தரத்தில், வெவ்வேறு வளத்தில், பல இடங்களில் ஒருவர் அணியை மேலே தூக்கியிருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே இடத்தில் நெடுங்காலம் வென்றவரைவிட அவரை நம்பலாம் என்பது என் முடிவு.

அதற்காகப் பள்ளியிலிருந்து வருகிறவரைத் தள்ளிவிடக் கூடாது. 1951, 1962 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்து, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை அணியைக் கொண்டுபோன சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் ஹைதராபாத் காவல்துறை அணியிலும் தேசிய அணியிலும் ஒரே சமயத்தில் தம்மை நிரூபித்தார். ஆசிரியராக இருந்தது அவருக்குக் குறையாக இல்லை. ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் வகையை அதுதான் தந்தது.

இனி நம் ஆள்களுக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2010 டிசம்பர் முதல் தேதி, ஆசியான் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 5–1 என்று மண்ணைக் கவ்வியது. தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால். அன்றிரவு ஒரு தேர்வுக் குழு கூடி அவரை மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தோடு கோலில்லாச் சமநிலை. பிறகு லாவோசை 5–1 என்று வென்றது. அரையிறுதியில் வியட்நாமை இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூடப் போட விடவில்லை. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3–0 என்று வீழ்த்தி, 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2–1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் கிண்ணத்தை வென்றது. அந்தக் கிண்ணத்தை மலேசியா வென்றது அதுவே முதல் முறை.

ஐந்து கோல் வாங்கிய தற்காப்பு நான்கு வாரத்தில் எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் ஒரு பயிற்றுநரின் உண்மையான வேலை தெரியும். அவர் கையிலிருந்த பையன்களில் பலர் முந்தைய ஆண்டு லாவோசில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் அவரோடு தங்கம் வென்றவர்கள். 1989க்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த முதல் காற்பந்துத் தங்கம் அது. இளைஞர்களை நம்பி எடுத்தார், ஒரு தோல்விக்காக அவர்களைக் கைவிடவில்லை. ஆட்டமுறையைத் திருத்தினார், ஆள்களைத் தூக்கி எறியவில்லை. பயிற்றுநர் பதவிக்கு மனுப் போட்டவரை மதிப்பிடும்போது அவர் வாங்கிய மிக மோசமான தோல்வி எது என்று கேட்டுவிட்டு, அதற்கு அடுத்து வந்த நான்கு ஆட்டங்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த டிசம்பரை மனத்தில் வைத்துத்தான். வேறு எந்த அளவுகோலும் இதற்கு இணையாகாது.

பி. சத்தியநாதன் இதன் மறுபக்கம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் மலேசியா 5–0 என்று தோற்ற பிறகு தேசியப் பயிற்றுநர் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போனது. பலர் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2010 அக்டோபர் 30ஆம் தேதி கிளந்தான் அணி அவர் தலைமையில் நெகிரி செம்பிலானை 2–1 என்று வென்று வரலாற்றில் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. மறு ஆண்டு அதே கிளந்தானுக்கு முதல் சூப்பர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தவர் பேராக் காற்பந்தோடு நீண்ட உறவு கொண்ட எம். கராத்து. பிறகு சத்தியநாதன் இராணுவப் படை அணியான ஏ.டி.எம்.முக்குப் போய், 2012இல் பிரீமியர் லீக்கை வென்றார். பயிற்றுநர்களுக்கு உரிய சங்கத்தின் தலைவராக இருந்து அவர்கள் சார்பில் பேசியவரும் அவரே. 2023இல் மறைந்தார்.

தேசிய அணியில் தோற்றவர் மாநிலத்தில் வெல்கிறார் என்றால், இரண்டு வேலைகளும் வேறு வேறு என்பதுதான் காரணம். தேசிய அணிப் பயிற்றுநர் ஆண்டுக்குச் சில வாரமே ஆட்டக்காரர்களைப் பார்க்கிறார். மாநில அணிப் பயிற்றுநர் தினமும் பார்க்கிறார். இதில் ஒன்றில் சிறந்தவரை மற்றதில் சிறந்தவர் என்று நம்பி எடுப்பது நம் சங்கங்களின் பழைய பழக்கம்.

ராஜகோபால், சத்தியநாதன், கராத்து மூவரும் மலேசிய இந்தியர்கள் என்பதை நான் கவனிக்காமல் போக முடியாது. பி. மணியம் பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியை 2022இல் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் வைத்தே சூப்பர் லீக்கில் நடத்தினார். மற்ற அணிகளில் பிரேசிலியரும் ஆப்பிரிக்கரும் முன்வரிசையில் நின்ற பருவம் அது. அவருக்கு முன் அந்த அணியை நடத்திய கே. தேவனும் நம்மவரே. இந்திய சமூகத்தின் காற்பந்துச் சங்கமான மிஃபாவிலிருந்து கிளைத்து மேலேறிய அணி அது. இவர்கள் யாருக்கும் இனத்தின் பேரில் சலுகை வேண்டாம். இருந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்ற அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் போதும். அந்த அளவுகோலில் இவர்கள் பெயர் தானாகவே மேலே வரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டே தகுதி என்ற எண்ணம் அந்த அளவுகோலை வளைக்கிறது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம், அதை மறைக்கப் போவதில்லை.

தற்குறிப்பில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது சின்ன வேலை. ஆனால் விட்டுவிட்டால் பெரிய அவமானம். 2001 டிசம்பரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஓ'லியரியை நியமித்தது. முதுகலைப் பட்டம் பெற்றதாகவும் கல்லூரி அணியில் ஆடியதாகவும் அவர் எழுதியிருந்தவை பொய் என்று தெரிந்து ஐந்தே நாளில் பதவி விலகினார். நம் நாட்டில் உரிமங்கள் இருக்கின்றன: மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் டி உரிமத்தில் தொடங்கி, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் புரோ. சூப்பர் லீக் தலைமைப் பயிற்றுநருக்குப் புரோ உரிமம் கட்டாயம். ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடலாம். உரிமம் இருந்தால் உள்ளே வரலாம், அவ்வளவுதான்; அதற்கு மேல் உரிமம் எதையும் சொல்லாது.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது இன்னும் வேறு கணக்கு. யுஐடிஎம் அணி 2020இல் சூப்பர் லீக்கில் நுழைந்தது. பல்கலைக்கழக அணி ஒன்று அந்த மேடையில் ஆடியது அதுவே முதல் தடவை. ஜெர்மானியர் ஃப்ராங்க் பெர்ன்ஹார்ட் பொறுப்பில் இருந்தார். கொவிட் காரணமாக ஒவ்வோர் அணிக்கும் பதினோரு ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் அணி பட்டியலின் மேல் பாதியில் முடித்துப் பெரிய அணிகளுக்கு வியப்பு தந்தது. மறு ஆண்டு முழுப் பருவம், 22 ஆட்டங்கள், கடைசி இடம். பதினோரு ஆட்டங்களை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. மாணவர்களைக் கொண்ட அணி நீண்ட பருவத்தைத் தாங்க எவ்வளவு ஆள்பலம் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தது.

கல்லூரி ஆட்டக்காரனுக்குப் பத்தொன்பது, இருபது வயது. விரிவுரை இருக்கிறது, தேர்வு இருக்கிறது, கல்விக் கடன் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவான். ஆகவே கல்லூரிப் பயிற்றுநர் ஒவ்வோர் ஆண்டும் அணியின் ஒரு பகுதியை இழந்து, புதியவர்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பயிற்றுநரை எடைபோடும்போது ஆள் சேர்க்கும் திறனைத் தலையாய தகுதியாக வைப்பது இதனால்தான். எந்த ஊரில் எந்தப் பள்ளியில் யார் வளர்கிறான், அவன் அம்மாவிடம் யார் பேசுவது, அவன் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தலைமைப் பயிற்றுநரின் வேலை. இங்கே அது யாருடைய வேலையும் அல்ல. விண்ணப்பம் போட்டுத் தேர்வுப் பயிற்சிக்கு வந்தவர்களில் பொறுக்கி எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றியலுக்கும் தனிப் புலமே இருக்கிறது. படிப்பும் திடலும் ஒரே வளாகத்தில் சேரும் இடம் பேராக்கிலேயே இருக்கும்போது ஆள் தேடும் வேலையை இப்படிக் கைவிட்டிருப்பது பெரிய இழப்பு.

பேராக்கில் ஆள் தேடுவது என்றால் பழைய ரப்பர்த் தோட்டங்களின் பக்கம் போகாமல் முடியாது. சுங்கை சிப்புட் தொடங்கி தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வரைக்கும் ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் கோவில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் இருந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் மாலையில் அங்கேதான் ஆடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ண ஆட்டம் நடந்தது. தீபாவளியை ஒட்டியும் திருவிழாவை ஒட்டியும் பெரிய கூட்டம் சேர்ந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கிக் காப்பாற்ற முயன்றார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான் வீடுகளுக்கும் பிரிந்துபோயின. திடல்கள் பல இடங்களில் காணாமற் போயின.

ஆனால் பையன்கள் காணாமற் போகவில்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அம்மா தொழிற்சாலையில் மாலை ஷிப்ட், அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள். ஈப்போவில் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்றால் சுங்கை சிப்புட்டில் இருக்கும் பையன் எப்படி வருவான், இரவு எப்படித் திரும்புவான்? நேர்காணலுக்கு வந்த பயிற்றுநர்களில் இந்தக் கேள்வியைத் தாமாகக் கேட்டவர் யார் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வியூகப் பலகையில் காந்தங்களை நகர்த்தி அழகாக விளக்குவது எளிது. பையன் வீடு திரும்புவதைப் பற்றி யோசிப்பவர்தான் அவனை மூன்று ஆண்டு தக்கவைப்பார்.

நேர்காணல் அறையில் தெரியாத பலவும் திடலில் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத் திடல் ஒன்றில் உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் பையன்களை வைத்துப் பயிற்சி நடத்துவதை நான் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். புல் பாதி, செம்மண் பாதி. கோல் கம்பத்துக்குப் பின்னால் செம்பனை வரிசை. கூம்புகள் போதவில்லை, சிலருடைய காலணிகளே எல்லைக்கோடு. சிறு கட்டத்துக்குள் நால்வர் பந்தை வைத்திருக்க, இருவர் பறிக்க வேண்டும். ஒல்லியான பையன் ஒருவன் பந்தை வாங்கித் திரும்பினான், எதிரே வந்தவன் காலில் கொடுத்துவிட்டான். பயிற்றுநர் விசில் ஊதி நிறுத்தினார். கத்தவில்லை.

“தம்பி, பந்து உன்கிட்ட வர்றதுக்கு முன்னால யாரையெல்லாம் பார்த்த?”

“யாரையும் பார்க்கல கோச். பந்தைத்தான் பார்த்தேன்.”

“சரி. இந்தத் தடவை பந்து வர்றதுக்குள்ள ரெண்டு தோளுக்கும் பின்னால ஒரு தடவை பார்த்துடு. அப்புறம் வாங்கு.”

அடுத்த சுற்றில் அவன் தலையைத் திருப்பினான். பந்து சரியான காலுக்குப் போனது. பயிற்றுநர் பாராட்டாமல் ஆட்டத்தை ஓடவிட்டார். கணுக்கால் பிசகி ஓரத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். ஒவ்வொருவனும் பந்து வாங்குவதற்கு முன் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான் என்று குறிப்பது அவன் வேலை. ஆட முடியாதவனும் அன்றைக்கு அணியில் இருந்தான், ஆட்டத்தைக் கற்றுக்கொண்டும் இருந்தான். மலாய்ப் பையனிடம் மலாயிலும் மற்றவர்களிடம் தமிழிலும் அவர் பேசியது அவருக்கே தெரியாத அளவுக்கு இயல்பாக இருந்தது.

அந்த மனிதரிடம் புரோ உரிமம் கிடையாது. சூப்பர் லீக்கிற்கு அவரை வைக்கச் சொல்ல மாட்டேன். விதியும் இடம் தராது. ஆனால் ஒரு கல்லூரி அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அந்தத் திடலுக்குப் போயிருந்தால் வேறு எந்த ஆவணத்திலும் கிடைக்காததைப் பார்த்திருப்பார்கள்: தவறைச் சுட்டாமல் கேள்வியாக மாற்றும் பழக்கம், காயப்பட்டவனுக்கும் வேலை, இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கை. ஆகவே மனுப் போட்டவர் ஒவ்வொருவரும் முன்பின் தெரியாத பையன்களோடு ஒரு பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும். அதைக் குழு முழுவதும் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்கிறோம். பயிற்றுநரிடம் மட்டும் பேச்சைக் கேட்டுவிட்டு அனுப்பி விடுகிறோம்.

பரிந்துரை கேட்கும் விதத்திலும் மாற்றம் வேண்டும். முன்னாள் நிர்வாகிகளைக் கேட்டால் நல்லதையே சொல்வார்கள், அல்லது மனத்தாங்கலைச் சொல்வார்கள். அவரிடம் ஆடி, அவரால் வெளியே உட்கார வைக்கப்பட்ட ஆட்டக்காரர்களைக் கேட்க வேண்டும். ஏன் உன்னை எடுக்கவில்லை என்று அவர் உன்னிடம் சொன்னாரா? அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற பதில் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. காயத்தோடு ஆட வைத்தாரா என்று அணியின் உடலியக்க மருத்துவரைக் கேட்கலாம். தேர்வு நாளில் பயிற்சிக்கு வரச் சொன்னாரா என்று மாணவனைக் கேட்கலாம்.

மதிப்பீடு ஒருவழிப் பாதையும் அல்ல. நல்ல பயிற்றுநர் நம்மையும் எடைபோட்டுத்தான் வருவார். மாதச் சம்பளம் எந்தத் தேதிக்கு வரும், உதவியாளர்களை யார் தேர்ந்தெடுப்பது, ஆட்டக்காரரை வாங்குவதில் நிர்வாகி தலையிடுவாரா, பயிற்சித் திடல் வாரத்தில் எத்தனை நாள் நமக்கு என்று அவர் கேட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேராக்கில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்த எவரும் இவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், அவருக்கு வேறு வழியில்லை என்றே பொருள்.

கடைசியாக, தேர்வுக் குழு தான் ஒருவரைத் தேர்ந்தெடுத்த காரணங்களை நியமன நாளிலேயே எழுதி, தேதியிட்டு, கோப்பில் வைக்க வேண்டும். யார் யாரைப் பரிசீலித்தோம், இவரிடம் எதை எதிர்பார்க்கிறோம், எத்தனை பருவம் தருகிறோம், எந்த நிலையில் மறுபடி கூடிப் பேசுவோம் என்று. நம் சங்கங்களில் பயிற்றுநர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள், எதைப் பார்த்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. மூன்று பருவம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் புள்ளிப் பட்டியலோடு வேறு சிலவும் கேட்கலாம். அவர் வந்தபோது வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது முதல் பதினொருவரில் ஆடுகிறார்கள்? மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள்? சுங்கை சிப்புட்டிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் எத்தனை பையன்கள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள்? பதில் சரியில்லை என்றால் பயிற்றுநரை அழைத்துப் பேசும் அதே கூட்டத்தில் தேர்வுக் குழுவும் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.